எண்ணை அமுக்கினால் யார் பேசுவார்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் அலுவலகப் பொறுப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னாடி பேசினவங்க வங்கிக் கடன், தொழில் பயிற்சி, பிள்ளைங்க படிப்பு என்று பெரிய விஷயங்களைப் பேசினார்கள். என்னை ஆபீஸ் போனைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "போனைப் பத்திப் பேச என்ன இருக்கு, எடுத்து ஹலோ சொல்றதுதானே" என்று நானும் முதலில் மறுத்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், இந்த மூணு வருஷத்தில் நான் அதிகமாகத் தப்பு செய்ததும் அந்தப் போனில்தான், அதிகமாகக் கற்றுக்கொண்டதும் அந்தப் போனில்தான். அதனால் ஒத்துக்கொண்டேன்.

இங்கே பாதிப் பேருக்கு என் முகம் தெரியாது. ஆனால் குரல் தெரியும். ஆபீசுக்குப் போன் போட்டால், "வணக்கம்க்கா, நம்ம கூட்டமைப்பு ஆபீசு பேசுது" என்று ஒரு குரல் வருமே, அது நான்தான். மெஷினுக்குள் உட்கார்ந்து பேசுகிறவள்.

2023க்கு முன்னாடி ஆபீசில் ஒரே லைன், ஒரே போன். தவணை கட்டும் வாரம் வந்தால் காலை பத்து மணிக்கு அடிக்க ஆரம்பித்து மத்தியானம் சாப்பிடவும் விடாது. நான் ஒருத்தரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது அடுத்தவருக்கு எங்கேஜ்டு வரும். எத்தனை பேர் போட்டுப் பார்த்துவிட்டு விட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. எண்ணூரிலிருந்து ஒரு ஊக்குநர் அக்கா கன்டெய்னர் லாரி நெரிசலில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்து, "கூட்டம் எத்தினி மணிக்குன்னு கேக்கத்தான் வந்தேன், போன் கெடைக்கவே மாட்டுது" என்றார். பஸ் காசு, அரை நாள் கூலி, எல்லாம் ஒரு கேள்விக்காக.

அதனால்தான் செயற்குழுவில் தீர்மானம் போட்டு, ரிச்சி தெருவில் ஒரு பழைய இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி வாங்கினோம். நாலு வெளி லைன், எட்டு எக்ஸ்டென்ஷன், கூடவே வாய்ஸ் மெயில் கார்டு. எடுத்துவந்து மாட்டிய தம்பி ஒரு மணி நேரத்தில் எல்லாம் காட்டிவிட்டு, ஒரு ஆங்கிலப் புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் பிளஸ் டூ. அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன்.

அது எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். தெரிந்தால் பயம் போய்விடும். போனில் ஒரு எண்ணை அமுக்கினால் 'டூ' என்று ஒரு சத்தம் வரும். காதுக்கு ஒரு சத்தம்தான். உண்மையில் அது இரண்டு சத்தம் சேர்ந்தது. பொத்தான்கள் நாலு வரிசை, மூணு பத்தி. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சுருதி, ஒவ்வொரு பத்திக்கும் ஒரு சுருதி. 1ஐ அமுக்கினால் முதல் வரிசையின் சுருதியும் முதல் பத்தியின் சுருதியும் ஒன்றாகப் போகும். அந்த ஜோடியைக் கேட்டுத்தான் 'இவர் 1 அமுக்கினார்' என்று மெஷின் கண்டுபிடிக்கிறது. மனுஷக் குரல் தற்செயலாக அந்த ஜோடியை எழுப்பிவிடக் கூடாது என்று யோசித்தே அந்தச் சுருதிகளைப் பொறுக்கி எடுத்தார்கள். 1963இல் அமெரிக்காவில் வந்த ஏற்பாடு. இன்று நாம் கேஸ் சிலிண்டர் பதிவு செய்வதும், பேங்கில் பாக்கி கேட்பதும் எல்லாம் அதில்தான் ஓடுகிறது.

மெஷின் அந்த எண்ணைக் கண்டுபிடித்தபின் என்ன செய்ய வேண்டும் என்று நாம்தான் எழுதி வைக்க வேண்டும். 1 வந்தால் எந்த மேசையில் மணி அடிக்கணும், எத்தனை மணி அடிக்கணும், எடுக்கவில்லை என்றால் எந்தக் குரல் பெட்டிக்குப் போகணும், பெட்டியில் எத்தனை வினாடி பேச விடணும், ஒண்ணுமே அமுக்காமல் இருந்தால் என்ன செய்யணும், ஆபீஸ் மூடியபின் என்ன சொல்லணும். இத்தனைக்கும் ஒவ்வொரு கட்டளை எண் இருக்கிறது. போனை எடுத்து அந்த எண்களை அடித்தால் மாறும். கோலம் போடுவது மாதிரிதான். புள்ளி ஒண்ணு தப்பினால் கோடு வேறெங்கோ போய் முடியும்.

என் முதல் கோலத்தைக் கேளுங்கள். பேங்க், கம்பெனி எல்லாம் எப்படிப் பேசுகிறதோ அப்படித்தான் நாமும் பேசணும் என்று நினைத்தேன். "தங்களின் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்" என்று ஆரம்பித்து ஒன்பது எண் வைத்தேன். கடனுக்கு ஒண்ணு, சேமிப்புக்கு ரெண்டு, பயிற்சிக்கு மூணு, காப்பீட்டுக்கு நாலு, இப்படி. முழுசும் கேட்டு முடிக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். நானே வீட்டிலிருந்து போட்டுக் கேட்டேன். சினிமாவில் டப்பிங் பேசுகிற மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்து நாள் கழித்துக் காசிமேட்டில் மீன் விற்கிற அக்கா ஒருத்தர் ஆபீசுக்கு வந்தார். உங்களுக்கெல்லாம் தெரியும், கோபம் வந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். "யாரும்மா அது, போன்ல ஒரு பொண்ணு நிக்காம பேசினே கீது? நான் ஒண்ணு கேட்டா அது ஒண்ணு சொல்லுது. அப்புறம் நன்றின்னு சொல்லி வெச்சிடுது" என்றார்.

"நம்பரை அமுக்கினீங்களாக்கா?"

"எத்த அமுக்கறது? கையில ஐசு, மீன் தண்ணி. செல்லு ஈரக் கைக்கு வேலை செய்யுமா? காதாண்ட வெச்சா லைட்டே அணைஞ்சி போவுது."

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. டச் போனைக் காதில் வைத்தால் திரை தானாக அணைந்துவிடும். காதிலிருந்து எடுத்தால் பேசுவது கேட்காது. கீ பேட் எங்கே என்று தேடுவதற்குள் அஞ்சு வினாடி போய்விடும். அஞ்சு வினாடி எதுவும் அமுக்காவிட்டால் 'நன்றி' சொல்லிவிட்டுத் துண்டிக்கும்படிதான் பெட்டி வரும்போதே இருந்தது. நான் அதை மாற்றவே இல்லை. மாற்றலாம் என்றும் தோன்றவில்லை. நம் உறுப்பினர்கள் மீன் வெட்டுகிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள், இட்லி ஊற்றுகிறவர்கள். ஈரக் கை இல்லாத நேரம் அவர்களுக்கு எது?

அன்று சாயங்காலமே இரண்டு மாற்றம் செய்தேன். ஒன்பது எண்ணை நாலாகக் குறைத்தேன். எதுவும் அமுக்காமல் எட்டு வினாடி போனால் துண்டிக்காமல் நேராக என் மேசையில் மணி அடிக்கும்படி வைத்தேன். பேச்சையும் மாற்றினேன். அந்தக் காசிமேட்டு அக்காவையே பக்கத்தில் உட்காரவைத்து, "நீங்கன்னா எப்படிக்கா சொல்லுவீங்க" என்று கேட்டுக் கேட்டுப் பதிவு செய்தேன்.

அப்போது ஒரு சின்ன விஷயம் பிடிபட்டது. "ஒன்றை அழுத்தவும், கடன் விவரங்களுக்கு" என்று எண்ணை முதலில் சொன்னால், விஷயம் வருவதற்குள் எண் மறந்துவிடுகிறது. "கடன், தவணை பத்திக் கேக்கணும்னா, ஒண்ணு" என்று விஷயத்தை முதலில் சொல்லணும். தன் விஷயம் வந்ததும் அவர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். அதற்குப் பின்னால் வரும் எண் மனசில் நிற்கும். உங்கள் குழுவில் யாராவது இதுபோல ஏதாவது செய்தால் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். இல்லை. இப்போது சொல்லப்போவதைச் சொல்லலாமா என்று தலைவியிடம் கேட்டேன். "சொல்லு, நம்ம தப்பை நம்ம மலர்லேயே போட்டாத்தான் திரும்பச் செய்ய மாட்டோம்" என்றார். அதனால் சொல்கிறேன்.

நாலாம் எண் காப்பீடு. அதைப் பார்த்துக்கொண்டிருந்த நம் பணியாளர் 2023 ஜூலையில் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார். புதுசாக யாரையும் போடவில்லை. அவர் மேசையில் கோப்புகளை அடுக்கிவிட்டோம். அந்தப் போனும் கோப்புகளுக்குப் பின்னால், சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. பெட்டியில் புதுச் செய்தி வந்தால் போனில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அது சுவருக்குத்தான் எரிந்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஊக்குநர் போன் செய்து, "நாலு அமுக்கினா பெட்டி நிறைஞ்சிடுச்சின்னு சொல்லுதேம்மா, அது இன்னா?" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். பெட்டியைத் திறக்கக் கடவுச்சொல் கேட்டது. போனவர் அதை யாரிடமும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ரிச்சி தெருத் தம்பியை வரவழைத்துத் திறந்தோம். உள்ளே 19 செய்தி. தலைவி, பொருளாளர், நான், மூணு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டோம்.

அதில் ஒன்று எர்ணாவூரிலிருந்து. பின்னால் லாரி போகிற சத்தம். நடுவே ஒரு பெண் குரல், அவசரப்படாமல் பேசியது. "எர்ணாவூர்ல இருந்து பேசறேம்மா. எங்க வீட்டுக்காரரு போன வெள்ளிக்கெழம லாரி ஆக்சிடென்ட்ல போயிட்டாரு. பேங்க்ல வருசா வருசம் 20 ரூபா புடிக்கிறாங்களே, அதுக்கு இன்னா பண்ணணும்னு தெரில. கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க. வெச்சிடறேன்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு மெஷினில் என் குரல்: "உங்கள் தகவல் பதிவாகிவிட்டது. நன்றி."

உங்களுக்குத் தெரிந்ததுதான், பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. நாமே குழுக் கூட்டத்தில் சொல்லிச் சொல்லிச் சேர்த்த திட்டம். சேமிப்புக் கணக்கிலிருந்து வருஷத்துக்கு 20 ரூபாய் எடுப்பார்கள், விபத்தில் உயிர் போனால் 2 லட்சம். விபத்து நடந்து 30 நாளுக்குள் பேங்கில் படிவம் கொடுக்கணும் என்றும் நாமேதான் சொல்லியிருக்கிறோம். அந்தச் செய்தி 22 நாள் பெட்டியில் கிடந்திருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். விபத்து நடந்து 27 நாள். மிச்சம் மூணு நாள்.

அன்றைக்கே மூணு பேரும் எர்ணாவூர் போனோம். அந்தத் தங்கச்சி எங்களைப் பார்த்ததும் அழவில்லை, கோபப்படவும் இல்லை. பாய் எடுத்துப் போட்டாள். அப்புறம் சொன்னாள்: "நான் அன்னிக்கே போன்ல சொன்னேனே. நீங்க கேட்டுக்கினீங்கன்னு நெனச்சேன். கேட்டுட்டும் யாரும் ஒரு வார்த்தை கேக்க வரலியேன்னு நெனச்சேன்."

காவல் நிலையம், ஆஸ்பத்திரி, பேங்க் என்று இரண்டு நாள் அலைந்தோம். எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, எல்லாம் சேர்த்து 30ஆம் நாள் படிவம் கொடுத்தோம். சில மாதம் கழித்துப் பணமும் அவள் கணக்கில் ஏறியது. ஆனால் அவள் சொன்னது எனக்கு இன்னும் போகவில்லை. போன் கிடைக்காமல் எங்கேஜ்டு வந்திருந்தால் மறுநாள் போட்டிருப்பாள், இல்லை நேரில் வந்திருப்பாள். என் குரல் 'பதிவாகிவிட்டது' என்று சொன்னதால்தான் சும்மா இருந்தாள். பதிவானது வேறு, ஒரு ஆள் காதால் கேட்டது வேறு. நான் இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லியிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்தோம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பொறுப்பாளர் பெயர், அவர் லீவு போட்டால் பார்க்க இரண்டாவது பெயர். இரண்டும் ஆபீஸ் சுவரில் எழுதி ஒட்டியிருக்கும். வேலையை விட்டுப் போகிறவர், கணக்கு நோட்டை ஒப்படைக்கிற மாதிரி குரல் பெட்டியையும் கடவுச்சொல்லையும் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போகணும். காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் எல்லாப் பெட்டியும் திறந்து கேட்கணும். கேட்டதைக் 'குரல் நோட்டு' என்று ஒரு நீள நோட்டில் எழுதணும்: யார், எந்தக் குழு, என்ன கேட்டார், யார் திருப்பிப் போன் செய்தார், என்ன பதில். மெஷின் பேச்சிலும் 'பதிவாகிவிட்டது' என்ற வார்த்தையை எடுத்துவிட்டேன். "இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள நம்ம ஆளு உங்களைத் திருப்பிக் கூப்பிடுவாங்க. கூப்பிடலன்னா நாளைக்குத் தயங்காம மறுபடி போடுங்க" என்று வைத்தேன். வாக்குக் கொடுத்தால் நேரத்தோடு கொடுக்கணும், தவறினால் என்ன செய்யணும் என்றும் சொல்லணும்.

பகலைச் சரிசெய்தேன். ராத்திரியை மறந்தேன்.

2023 டிசம்பர் நம் பகுதிக்கு எப்படிப்பட்ட மாசம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாசத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை வந்து, வலையும் படகும் வீட்டுச் சுவரும் கறுப்பாகின. கரண்ட் இல்லாமல் நம் பெட்டியும் செத்துக் கிடந்தது. அதுகூடப் பரவாயில்லை. போன் போகாது என்று தெரிந்தால் யாரும் நம்பி நிற்க மாட்டார்கள்.

26ஆம் தேதி ராத்திரி, கடலுக்கு அடியில் போகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. சுனாமி வந்த அதே தேதி. பெரியகுப்பம், சின்னகுப்பம் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற பல பேர் அன்றைக்கு ஓடினவர்கள்தான். அன்று நம் மெஷின் நன்றாக வேலை செய்தது. மறுநாள் காலையில் பார்த்தால், ராத்திரி வந்த நம்பர்கள் ஒன்பது இருந்தன. ஒன்பது பேருக்கும் என் குரல் சொல்லியிருக்கிறது: "ஆபீஸ் நேரம் முடிஞ்சிடுச்சு. காலையில பத்து மணிக்கு மேல கூப்பிடுங்க."

ஒன்பது பேரையும் நானே திருப்பிக் கூப்பிட்டேன். ஒரு ஆயா சொன்னார்: "உன் கொரலுதான் வந்துச்சு கண்ணு. காத்தால வான்னுச்சு. அதுக்குள்ள நாங்க திருவொற்றியூர் பக்கம் போயிட்டோம்." திட்டவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் போனை வைக்கத் தோன்றவில்லை.

நாம் ஆம்புலன்ஸ் இல்லை, தீயணைப்பும் இல்லை. அவர்கள் நம்மைக் கூப்பிட்டது மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் நம் நம்பர் என்பதால். எந்தப் பக்கம் போகணும், எந்த மண்டபம் திறந்திருக்கு, ஆயாவை எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகணும் என்று கேட்கத்தான். இப்போது ராத்திரி ஏற்பாடு வேறு. போன் போட்டதும் முதல் வார்த்தையே, "உயிருக்கு ஆபத்துன்னா உடனே 108, இல்ல 112 போடுங்க. பொம்பளைங்களுக்கு வீட்டுல, வெளிய பிரச்சனைன்னா 181. புள்ளைங்களுக்குன்னா 1098" என்று வரும். அதற்கப்புறம் லைனிலேயே இருந்தால், அன்றைய ராத்திரி முறைக்காரர் செல்போனுக்கு அழைப்பு போகும். அவர் எடுக்காவிட்டால் இரண்டாமவருக்குப் போகும். முறைக்கு இப்போது 14 பேர் இருக்கிறார்கள். பெட்டிக்கு ஒரு பேட்டரியும் வாங்கிப் போட்டோம்.

போன் எக்ஸ்சேஞ்சைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. அந்தக் காலத்தில் எந்த ஊரிலும் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்தான் கம்பியைச் செருகி லைன் கொடுக்கணும். அமெரிக்காவில் கான்சஸ் சிட்டியில் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர், சவ அடக்கத் தொழில் செய்தவர். எக்ஸ்சேஞ்சில் இருந்தவர் தன் போட்டியாளருக்கு வேண்டியவர், தனக்கு வரவேண்டிய அழைப்புகளை அங்கே திருப்பிவிடுகிறார் என்று அவருக்குச் சந்தேகம் வந்ததாகச் சொல்வார்கள். மனுஷரே இல்லாமல் லைன் கொடுக்கும் மெஷினைச் செய்து 1891இல் காப்புரிமை வாங்கிவிட்டார். மனுஷரை நம்ப முடியாமல் அவர் மெஷினுக்குப் போனார். நான் மெஷினை நம்பிக் கெட்டு மனுஷரிடம் வந்தேன். எதுவானாலும், அழைப்பை எங்கே திருப்புவது என்று முடிவு செய்கிறவர் கையில்தான் அதிகாரம் இருக்கிறது. நம் ஆபீசில் அந்த முடிவு இனிமேல் என் ஒருத்தி கையில் இருக்கக் கூடாது. அதனால்தான் இவ்வளவும் உங்கள் முன்னால் சொல்கிறேன்.

நமக்கு முன்னாடியே குரலை நன்றாகப் பயன்படுத்திய பெண்கள் இருக்கிறார்கள். தேனி மாவட்டத்தில் விடியல் என்ற அமைப்பின் சுயஉதவிக் குழுப் பெண்கள், காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் என்ற நிறுவனத்தின் விவசாயிகள் கல்வித் திட்டத்தில், ஆடு வளர்ப்புப் பாடத்தைச் செல்போனிலேயே குரல் செய்தியாகக் கேட்டார்கள். ஆடு மேய்க்கிற இடத்திலேயே பாடம். எழுத்துத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதம் அதில் இல்லை. சத்தீஸ்கரில் 2010இல் தொடங்கிய சி.ஜி.நெட் ஸ்வரா, காட்டுக் கிராமத்து ஆட்கள் ஒரு நம்பருக்குப் போன் செய்து தங்கள் ஊர்ப் பிரச்சனையைத் தங்கள் மொழியிலேயே பதிவு செய்யும் ஏற்பாடு. யாரோ ஒருவர் அதைக் கேட்டு, சரிபார்த்து, அடுத்தவர் கேட்கும்படி வைப்பார். அந்த 'யாரோ ஒருவர்' இல்லாவிட்டால் அதுவும் சுவரைப் பார்த்து எரிகிற விளக்குதான்.

முடிப்பதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. எண்ணை அமுக்கப் பழக்கிவிட்டோம். இந்தப் பழக்கத்தை வைத்தே ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். "உங்கள் நம்பர் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், 9ஐ அமுக்கவும்" என்று மெஷின் குரலில் வரும். அமுக்கினால் ஒரு ஆள் வந்து, போலீஸ் என்பான், கூரியர் என்பான். வெச்சிடுங்க. நம் கூட்டமைப்புப் போன் உங்களிடம் ஏ.டி.எம். பின் நம்பர், ஓ.டி.பி., கணக்கு எண் எதையும் ஒருநாளும் கேட்காது. கேட்டால் அது நாங்கள் இல்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் அந்த நிமிஷமே 1930க்குப் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. ஆபீஸ் பெட்டிக்கும் இது பொருந்தும். வாங்கும்போது எல்லாப் பெட்டிக்கும் 1234 என்ற ஒரே கடவுச்சொல். அப்படியே விட்டால் வெளியாள் உள்ளே புகுந்து நம் லைனில் வெளிநாட்டுக்குப் பேசி, பில் நமக்கு வரும். எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம்.

உங்களிடம் மூணு வேண்டுகோள்.

ஒண்ணு, அடுத்த குழுக் கூட்டத்தில் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். எல்லாரும் அவரவர் போனிலிருந்து ஆபீசுக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள். டச் போன் வைத்திருப்பவர்கள் முதலில் ஸ்பீக்கரைப் போடுங்கள், அப்புறம் கீ பேடைத் திறங்கள். அப்போது திரை அணையாது. வராவிட்டால் விடுங்கள், சும்மா இருந்தாலே ஆள் வரும்.

ரெண்டு, ஒவ்வொரு மாசமும் முதல் தேதி ஆபீசுக்கு வெளியே இருக்கிற ஒரு உறுப்பினர் எல்லா எண்ணையும் அமுக்கிப் பார்த்து, எது எங்கே போகிறது, எத்தனை மணிக்குள் திருப்பிக் கூப்பிட்டார்கள் என்று மாசக் கூட்டத்தில் சொல்லணும். ஆபீசில் இருக்கிற நாங்கள் சொன்னால் அது சரியாக இருக்காது. நாங்கள் எல்லாம் நல்லாத்தான் இருக்குது என்றுதான் சொல்லுவோம்.

மூணு, ராத்திரி முறைக்கு இன்னும் ஆள் வேணும். 14 பேர் என்றால் ரெண்டு வாரத்துக்கு ஒரு ராத்திரி. 28 பேர் வந்தால் நாலு வாரத்துக்கு ஒண்ணு. முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள் யார் தெரியுமா? அந்த எர்ணாவூர்த் தங்கச்சிதான். இப்போது காப்பீட்டுப் பெட்டியையும் அவளே பார்த்துக்கொள்கிறாள். சுவரில் ஒட்டியிருக்கிற பெயர்களில் அவள் பெயரும் இருக்கிறது. போன வாரம் ஒரு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்த அழைப்பைக் காலையில் குரல் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். கடைசிக் கட்டத்தில், 'என்ன பதில்' என்ற இடத்தில், "கேட்டேன். கூடவே பேசினேன். விடிஞ்சதும் போனேன்" என்று இருந்தது.

நோட்டு வாசலில் மேசை மேல் வைத்திருக்கிறோம். போகும்போது பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.